ஒட்டகத்துக்குப் பரிகாரம் தயிர்

வந்தவர் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“சூலம் மேற்கு. பரிகாரம் வெல்லம்” என்று வாய்விட்டுப் படித்தார். “இது எந்த அறிவியல்?”

பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் செட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்கள் நாளைக்கு வேன் ஏற வேண்டாம் என்று காலையிலேயே போர்மேன் சொல்லிவைத்திருந்தார். முதலாளி அண்ணாச்சிதான் பதில் சொன்னார்.

“அது கீழ போடுறது சார். பக்க நம்பர் மாதிரி.”

வந்தவர் ஒரு மதிப்பீட்டாளர். வடக்கே ஒரு பெரிய வியாபாரி எங்கள் கம்பெனிக்குத் தீபாவளி ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தொழிலாளர்கள் சின்னச் சின்ன அறிவியல் பத்திகளைப் படித்து, முக்கியக் கருத்து எது, அதற்குத் துணையாக வரும் கருத்துகள் எவை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டுமாம். தெரிந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஆர்டர்.

அவர்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். செட்டின் ஓரத்தில், கைகளைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தேன்.

மதிப்பீட்டாளர் பெண்கள் பக்கம் விரலை நீட்டினார். விரல் அங்கே போய், இங்கே வந்து, கடைசியில் ஓர் ஆளிடம் நின்றது.

“நீங்க எந்திரிங்கம்மா.”

எழுந்தது என் அம்மா. வேறு யாராவது எழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஏன் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

மினுங்கும் நகம்

தனியார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். இயற்பியல் பட்டம், அதற்கு மேல் பி.எட். இரண்டையும் வைத்துக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கத்து எங்கள் தெருவில் நான் செய்த ஒரே காரியம், பக்கத்து வீடுகளுக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததுதான்.

அம்மா பெயர் சீனியம்மா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பட்டாசு வேலை. அதிலும் மருந்து ரூம். வெடிமருந்தைக் குழாய்க்குள் செலுத்துகிற இடம் அது. சாயங்காலம் வேன் வந்து இறக்கிவிட்டதும், சீயக்காய், சோப்பு, மண் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்ப்பாள். அப்படியும் நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கும். ரசம் ஊற்றிப் பிசையும்போது சோற்றில்கூட ஒரு பளபளப்பு தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றும். தோன்றியதும் என் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

“அந்த ரூமை விட்டு வந்துரும்மா” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“வந்து? ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?” என்பாள்.

வேலையை விடச் சொன்னால் விடமாட்டாள். பேக்கிங்குக்கு மாறச் சொன்னால் மாறுவாள். பேக்கிங் என்றால் அட்டைப் பெட்டி, பசை, லேபிள். பயமில்லாத வேலை. ஆனால் பேக்கிங்குக்குப் போக அண்ணாச்சிக்கு வேண்டியவர்களாக இருக்க வேண்டும். அம்மா வாய்க்கு, அவள் யாருக்கும் வேண்டியவளாக இருப்பது சிரமம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். ஆபீஸ் ரூமில் உட்கார வைத்து டீ கொடுத்தார்.

“டீச்சரம்மா, நம்ம ஆளுகளுக்குப் பாடம் நடத்தணும். சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் கொஞ்ச நேரம். வர்ற ஆள் கேக்கையில டாண்டாண்ணு பதில் வரணும். வந்துட்டா ஒங்க அம்மாவ பேக்கிங்குக்கு மாத்திருவேன். என்ன சொல்றீக?”

என்ன சொல்வேன்? டீ நன்றாக இருக்கிறது என்றேன். மறுநாளே போய்விட்டேன்.

மச்சான் பிரஸ்

பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார்.

“அறிவியல் புஸ்தகம்தான? நம்ம மச்சான் பிரஸ்ல கெடக்கு.”

உண்மையிலேயே கிடந்தது. சிவகாசியில் அவருடைய மச்சான் வைத்திருந்த அச்சகத்தில், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்காக அடித்து, பள்ளிக்கூடம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிய பயிற்சிப் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ‘படித்துப் பிரித்தறிவோம்: அறிவியல் பத்திகள்’ என்று அட்டையில் போட்டிருந்தது. பத்திகளில் ஒரு குறையும் இல்லை. குறை பக்கத்தின் அடியில் இருந்தது.

அந்த அச்சகத்தில் வருஷம் பூராவும் தினக் காலண்டர்தான் ஓடும். பள்ளிக்கூட ஆர்டர் வந்ததும் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவர் புதிதாக ஒன்று போடச் சோம்பல்பட்டு, காலண்டர் பக்கத்தையே எடுத்து, தேதி இருந்த இடத்தில் பத்தியை ஒட்டிவிட்டார். தேதி போய்விட்டது. அடியில் இருந்த நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், சூலம், பரிகாரம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. பிழை பார்க்கிறவரும் பார்த்தார். இருபது வருஷமாக அந்த இடத்தில் அதைப் பார்த்துப் பழகிய கண். நல்ல நேரம் இல்லாமல் இருந்தால்தான் அவர் சந்தேகப்பட்டிருப்பார்.

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒளிச்சேர்க்கைக்கு எமகண்டம் போட்டிருக்கமாட்டார்கள்.

அந்தப் புத்தகங்கள்தான் எங்கள் கம்பெனிக்கு வந்தன. அண்ணாச்சி வீட்டில் எதுவும் வீணாவதில்லை. போன வருஷத்து டைரியில்தான் இந்த வருஷத்து வரவு எழுதுவார்கள்.

அது ஒட்டகத்துக்கு, இது நமக்கு

முதல் நாள் ஒட்டகம். பத்தி இவ்வளவுதான்:

‘ஒட்டகம் பாலைவனத்தில் வாழ்வதற்கு ஏற்ற உடலைப் பெற்றிருக்கிறது. அதன் திமிலில் கொழுப்பு சேர்ந்திருக்கும். நீண்ட இமைமுடி மணல் கண்ணில் விழாமல் தடுக்கும். அகன்ற பாதம் மணலில் புதையாது.’

எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் படித்தார்கள். “இதுல முக்கியமான கருத்து எது?” என்று கேட்டேன்.

மாரிக்கனி கையைத் தூக்கினாள். அம்மாவோடு அதே மருந்து ரூமில் வேலை பார்க்கிறவள். அம்மாவைவிட வயது குறைவு. ஆனால் எதிலும் அம்மாவுக்கு ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்று வைராக்கியம் உள்ளவள்.

“ராகு காலம் ஏழரை டு ஒம்போது, டீச்சர்.”

“அது எப்படிக்கா முக்கியமாகும்? பத்தி ஒட்டகத்தைப் பத்தில்ல சொல்லுது?”

“அது ஒட்டகத்துக்கு. இதுதான நமக்கு?”

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. “ஏ மாரிக்கனி, ராகு காலத்த ஒன்னால என்ன செய்ய முடியும்? பரிகாரம் தயிர்னு போட்டிருக்கு பாரு. அதுதான் முக்கியம். தயிர்னா வாங்கிரலாம்.”

செட் முழுக்க அம்மா பக்கம் சாய்ந்தது. தயிர் ஜெயித்துவிட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கீழே இருந்ததையெல்லாம் லேபிள் ஒட்டி மறைக்கச் சொன்னேன். லேபிள் கணக்கில் குறையும் என்று போர்மேன் தடுத்துவிட்டார்.

குழாயடிப் பாடம்

நான் படித்த காலத்தில் எங்கள் சார் ஒரு சூத்திரம் சொல்வார். முதல் வரிதான் முக்கியக் கருத்து, மிச்சமெல்லாம் துணை. அதை வைத்துத்தான் நானும் பாஸ் ஆனேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. முதல் வரியில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து மாட்டைப் பற்றி. வந்த காரியத்தைக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்கள். இவர்களிடம் போய் முதல் வரி என்றால் எப்படி ஏறும்?

ஒரு வாரம் திமிங்கிலம், தேனீ, நீராவி என்று மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, சூத்திரத்தைத் தூக்கிப் போட்டேன்.

“குழாயடியில சண்டை வருதுல்ல? ஒருத்தி ‘அவ மோசமானவ’ங்கிறா. இன்னொருத்தி என்ன கேப்பா?”

“எப்படிச் சொல்லுதன்னு கேப்பா” என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

“அப்ப இவ என்ன சொல்லுவா?”

“கொடத்த வாங்கிட்டுப் போயி நெளிச்சுக் குடுத்தா. வரிசையில பூந்தா. எம் பிள்ளைய வஞ்சா.”

“அவ்வளவுதான். ‘மோசமானவ’ங்கிறது முக்கியக் கருத்து. ‘எப்படிச் சொல்லுத’ன்னு கேட்டா என்னென்ன வருதோ அதெல்லாம் துணைக்கருத்து.”

அதற்கப்புறம் பாடம் பிய்த்துக்கொண்டு போனது. தேனீ உழைப்பாளி. எப்படிச் சொல்லுத? இத்தனை பூவுக்குப் போகுது, அம்புட்டையும் சேத்து வைக்கிது. பாலைவனத்துக்கு ஒட்டகம்தான் லாயக்கு. எப்படிச் சொல்லுத? திமிலப் பாரு, இமையப் பாரு, பாதத்தப் பாரு. அண்ணாச்சி ஒருநாள் செட்டுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு போனார்.

அம்மாவும் மாரிக்கனியும் மார்க்குக்கு அடித்துக்கொண்டார்கள். மார்க் எல்லாம் நான் வாயால் சொல்வதுதான். ஒருநாள் மாரிக்கனிக்கு அரை மார்க் கூடிவிட்டது என்று அம்மா வீட்டில் என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்பும் போடவில்லை.

அந்தப் பாடத்தை நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததாக இன்றைக்கு வரைக்கும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் சேர்த்து நான் ஒழுங்காக நடத்திய பாடம் அது ஒன்றுதான்.

உராய்வு

மதிப்பீட்டாளர் வருகிற நாளில் ஒட்டகத்தை ஒப்பிப்பது என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். வந்தவர் ஒட்டகத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு, வெல்லம் போட்ட பக்கத்தில் நிறுத்தினார். உராய்வைப் பற்றிய பத்தி.

‘இரண்டு பொருள்கள் உரசும்போது வெப்பம் உண்டாகிறது. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு பிறக்கும். தீக்குச்சியைப் பெட்டியில் உரசினால் பற்றிக்கொள்ளும். ஓடி நின்ற வண்டியின் சக்கரத்தைத் தொட்டால் சுடும்.’

அம்மா எழுந்து நின்று, தடங்கல் இல்லாமல் படித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டே பதில். சொல்லிவிட்டால் நாளையிலிருந்து பேக்கிங். அந்த ரூம் பக்கமே அவள் போக வேண்டாம்.

“முக்கியக் கருத்து?”

“ஒரசினா சூடு வரும் சார்.”

“ரொம்ப சரி. துணைக்கருத்து?”

அம்மா ஓரக்கண்ணால் மாரிக்கனியைப் பார்த்தாள். பத்தியில் இருக்கிற உள்ளங்கையையும் தீக்குச்சியையும் மாரிக்கனியும் சொல்லிவிடுவாள். அதற்கு மேல் சொன்னால்தான் கூடுதல் மார்க் என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தனக்குத்தானே ‘எப்படிச் சொல்லுத’ என்று கேட்டுக்கொண்டாள். அது செட் முழுக்கக் கேட்டது.

“எங்க ரூம்ல நாலு பேருதான் இருக்கணும்னு கதவுல எழுதிப்போட்டிருக்கு சார். சீசன்னு ஏழு பேரு இருக்கோம். முட்டியோட முட்டி இடிக்கும். மருந்துத் தட்ட தூக்கி வைக்க எடம் இல்லாம இழுப்போம். கீழ விரிச்ச ரப்பர் கிழிஞ்சு போச்சு. அதனால தட்டு தரையோட ஒரசுது. கைய வச்சா சுடுது சார். புது ரப்பர் கேட்டா சீசன் முடியட்டும்ங்கிறாக.”

போர்மேன் கூரையைப் பார்த்தார். அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத கழுத்தைத் துடைத்தார்.

நான் மதிப்பீட்டாளரைப் பார்த்தேன். சொல்லிவிட்டாள், இனி இவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை கிளம்பியது. பேக்கிங் கிடக்கட்டும், அந்த ரூமுக்கே ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தேன். படித்தவர்களுக்குத்தான் இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் வரும்.

அவர் பத்தியின் மேல் விரலை வைத்து, வரிவரியாகத் தேடினார்.

“இது இதுல இல்லையேம்மா.”

“அதுல இல்ல சார். ரூம்ல இருக்கு.”

“துணைக்கருத்து பத்திக்குள்ள இருந்துதான் எடுக்கணும். வெளியிலருந்து எடுக்கக் கூடாது. முக்கியக் கருத்து சரி. அரை மார்க்.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “சார், அவங்க சொன்னது நெசமான்னு அந்த ரூமை ஒரு தடவை பாத்துருங்க. இந்தா, பக்கத்துலதான்.”

“அது வேற டீம் மேடம். நாங்க வாசிப்பு மட்டும்தான்” என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு கல்மிஷமும் இல்லை. மனுஷர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. திருட்டு முழி முழித்திருந்தால்கூட ஆறுதல்பட்டிருப்பேன்.

அடுத்து மாரிக்கனி எழுந்தாள். “உள்ளங்கை, தீக்குச்சி, சக்கரம்” என்றாள். அம்மா பக்கம் அவள் திரும்பவே இல்லை. முழு மார்க்.

மதிப்பீட்டாளர் ‘வாசிப்புத் திறன் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய கிஃப்ட் பாக்ஸ் ஒன்றைக் காரில் ஏற்றிவிட்டு, விருதுநகருக்கு எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனார்கள். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, ஆபீஸ் ரூமில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சாமிக்குப் போடுகிற கதம்பத்தில் அதற்கும் ஒரு துண்டு உண்டு. ஆர்டரும் வந்தது.

செருப்பு மாட்டும்போது

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மழை இந்த வருஷம் முந்திவிடும் போலிருக்கிறது என்றார். அட்டை விலை ஏறியதைச் சொன்னார். பாடம் பிரமாதம் என்றார். பிறகு வாசலில் போய், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“ஒங்க அம்மாவ ரூம்லருந்து எடுத்தாச்சு டீச்சரம்மா. வீட்ல இருந்து ஓய்வு எடுக்கட்டும். நாளைலருந்து வேன் ஒங்க தெருவுல நிக்காது.”

“பேக்கிங்குக்கு மாத்துறேன்னு சொன்னீகளே அண்ணாச்சி?”

“மாத்திட்டேனே. மாரிக்கனிய. முழு மார்க்குல்லா?”

சொன்ன வாக்கை ஒரு ஓரத்தில் காப்பாற்றிவிட்டார். அம்மா மருந்து ரூமில் இல்லை. ஏழு பேரில் இரண்டு பேர் கழிய அந்த ரூமில் ஐந்து பேர்தான் என்று கணக்குக் காட்டி, பாடத்தால் பாதுகாப்பு கூடியது என்று அவர் பேசியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். எனக்கும் அன்றோடு வேலை முடிந்தது.

மறுநாள் விடியற்காலையில் அம்மா வழக்கம்போலக் குளித்து, தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. வேன் வந்தது, ஹாரன் அடித்தது, நிற்காமல் போய்விட்டது. ஜன்னலோரத்தில் மாரிக்கனி இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா உள்ளே வந்து, தூக்குவாளிச் சோற்றை அடுப்படியில் உட்கார்ந்து அப்போதே சாப்பிட்டாள். என்னை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலை தெரிந்த ஆள் என்றால் சீசனில் விடுவார்களா? கொஞ்ச நாளிலேயே வேறொரு கம்பெனி வேன் எங்கள் தெருவில் நின்றது. மருந்து ரூமில் பழகிய கை வேண்டும் என்றார்களாம். நான் வாசலை மறித்து நின்றேன். கத்தினேன். அழுதும் பார்த்தேன். “தள்ளுட்டி, வேன் போயிரும்” என்று என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு ஏறிப் போனாள்.

ஒருநாள் சாயங்காலம் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தவள், கூடைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டாள். ‘படித்துப் பிரித்தறிவோம்’. அந்த முதலாளியும் அண்ணாச்சிக்குச் சொந்தம்தான். சான்றிதழ் கிடைத்த ராசியான புத்தகம் என்று மிச்சக் கட்டுகள் அங்கே போய்விட்டிருந்தன.

“அடுத்த வாரம் கேக்க வர்றாகளாம்” என்றாள்.

புரட்டினேன். ஒட்டகம் இருந்தது, தயிர் இருந்தது. உராய்வு வந்ததும் நிறுத்தினேன்.

“இதுக்கு என்ன சொல்லப்போறே?”

“உள்ளங்கை, தீக்குச்சி, சக்கரம்.” ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

“அங்க ரூம்ல எத்தன பேரும்மா இருக்கீக?”

அம்மா சோற்றைப் பிசைந்தாள். நகக்கண் மினுங்கியது.

“அது பத்தியில இல்லட்டி” என்றாள்.